ஆடுகிற மேசை

"தம்பி, என் வீடு ரொம்ப அழகா இருக்கு. அதுதான் இப்ப தலைவலி" என்றாள் பூங்கோதை.

சிக்கந்தர் ஒரு பழைய நாற்காலிக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"அழகா இருந்தா தலைவலியா அக்கா?"

"வர்றவங்க எல்லாம் வாயைப் பிளக்கறாங்க. கூடத்துல கோர்ட்டு பெஞ்சு. அடுப்படியில நாட்டு மருந்துக் கடை அலமாரி, டிராயருக்கு ஒரு மளிகைச் சாமான். இடிச்ச வீட்டுக் கதவுல புத்தகத் தட்டு. எல்லாம் இருக்கு. உக்காரத்தான் மாட்டேங்கறா."

"யாரு?"

"அவதான்."

அவள் என்றால் கார்குழலி. பதிமூன்று வயது. பூங்கோதையின் கணவர் தண்டபாணிக்கும், காலமாகிவிட்ட முதல் மனைவி மரகதத்துக்கும் பிறந்த ஒரே பெண்.

இந்தக் குருவையும் சிஷ்யையையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் ரயில் பாதையைத் தாண்டினால் தகரக் கூரை போட்ட பழைய சாமான் கிடங்கு ஒன்று வரும். இடித்த வீட்டு ஜன்னல், மூடிய பள்ளிக்கூடத்துக் கரும்பலகை, எல்லாம் அங்கே கிடக்கும். அதன் முதலாளி சிக்கந்தருக்கு வயது இருபத்தொன்பது. சிஷ்யை பூங்கோதைக்கு நாற்பது. வாரா வாரம் சனிக்கிழமை வந்து, கேள்வி கேட்டு, திட்டு வாங்கி, ஒரு சாமானோடு திரும்புவாள். அவளுக்கு அதில் கூச்சமே கிடையாது.

"குருநாதர் இன்னிக்கு என்ன அருளினார்?" என்று தண்டபாணி வீட்டில் கிண்டல் செய்வார்.

குருநாதர் முதல் நாள் அருளியது ஒன்றே ஒன்று.

"சாமானை மேலே பாக்காதீங்க அக்கா. குனிஞ்சு அடியைப் பாருங்க."

அந்த முதல் நாள் எப்படி வந்தது என்றால், ஒன்றரை வருடத்துக்கு முன்னால் கல்யாணமாகி வந்த முதல் வாரமே, மரகதம் புழங்கிய சாமான்களை எல்லாம் பூங்கோதை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றி இங்கே அனுப்பிவிட்டாள். கட்டில், பீரோ, மைக்கா ஒட்டிய சாப்பாட்டு மேசை.

தண்டபாணி, "உன் இஷ்டம்" என்றார். மகளிடம் யாரும் கேட்கவில்லை.

பீரோக் கண்ணாடி நிறைய ஒட்டுப்பொட்டு. மரகதம் முகம் கழுவும்போது எடுத்து ஒட்டி ஒட்டிச் சேர்ந்தவை. பூங்கோதை தேங்காய் எண்ணெய் தடவி, நகத்தால் சுரண்டி, பளிச்சென்று துடைத்து அனுப்பினாள். அவள் கெட்டவள் இல்லை. ஒருத்தருக்குக் கொடுக்கிற பொருளைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறவள், அவ்வளவுதான்.

வாசலில் பள்ளிக்கூடப் பையோடு கார்குழலி நின்றுகொண்டிருந்தாள். அவள் நின்றதைப் பூங்கோதை பார்த்தாள். அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பெண் அவளைக் கூப்பிட்டதே இல்லை. சித்தி என்றும் இல்லை, ஏங்க என்றும் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் எதிரில் வந்து நிற்பாள். தட்டை வாங்குவாள். தன் அறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாள்.

"ஒரு நாளாவது எங்ககூட உக்காந்து ஒரு வாய் சாப்பிடணும். எனக்கு அது போதும் தம்பி" என்றாள் பூங்கோதை.

சிக்கந்தர் உப்புத்தாளால் மூலையைக் காட்டினான்.

"அதை எடுத்துட்டுப் போங்க."

அங்கே வேங்கை மர மேசை ஒன்று இருந்தது. நல்ல செம்பழுப்பு மெருகு. சிக்கந்தர் டீ குடிப்பது அதில்தான். ஒரு காலுக்குக் கீழே மடித்த செய்தித்தாள் வைத்திருந்தான். போன மாதம் கூடப் பூங்கோதை கேட்டதற்கு, விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டான்.

"இதை விக்க மாட்டேன்னீங்களே!"

"இப்பவும் விக்கல. எடுத்துட்டுப் போங்க. காலை அறுக்கக் கூடாது. அட்டை கிட்டை முட்டுக் கொடுக்கவும் கூடாது."

பூங்கோதைக்குத் தலைகால் புரியவில்லை. வண்டி பிடித்தாள், ஏற்றினாள், கொண்டுபோய்விட்டாள். குனிந்து அடியைப் பார்க்க மறந்துபோனாள். ஒன்றரை வருடப் படிப்பு அந்தச் சந்தோஷத்தில் காற்றோடு போச்சு.

கூடத்தில் போட்டாள். மேசை ஆடியது.

ஜன்னலோரம் போட்டாள். ஆடியது. படுக்கையறையில் போட்டாள். அங்கே இன்னும் மோசம். தண்ணீர்ச் சொம்பு தானாக நகர்ந்தது.

"ரம்பம் எடுக்கட்டா?" என்றார் தண்டபாணி.

"அறுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்."

"அப்ப அவனையே வந்து பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்லு. நாம சாப்பிடுவோம்."

அடுத்த சனிக்கிழமை.

"ஆடுது தம்பி."

"எல்லா இடத்துலயும் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு."

"இல்ல."

"என்ன இல்ல? என் வீடு எனக்குத் தெரியாதா?"

சிக்கந்தர் மர ஆப்பு ஒன்றைக் கையில் எடுத்து உருட்டினான். பிறகு கீழே வைத்தான்.

"அது ஒரு தரைக்குன்னு கால் இழைச்ச மேசை அக்கா. அந்தத் தரையில நிக்கும். வேற எங்கயும் நிக்காது."

"அந்தத் தரைக்கு நான் எங்க போவேன்?"

"கேட்டுப் பாருங்க."

"யாரை?"

"உங்களுக்கு முன்னாடி அந்த வீட்டுக்கு வந்தவங்களை."

"அவரையா? அவருக்கு அவர் சட்டை எங்க இருக்குன்னே தெரியாது!"

"அவரைச் சொல்லல அக்கா" என்றான் சிக்கந்தர். குனிந்து நாற்காலியின் அடியைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டான்.

ஆட்டோவில் வழி முழுக்கப் பூங்கோதை பொருமிக்கொண்டே வந்தாள். ஒன்றரை வருடமாக இழைத்து இழைத்து அந்த வீட்டை வீடாக்கியது யார்? ஒரு மேசை போட இடம் தெரியாமல் ஒரு சின்னப் பெண்ணிடம் போய்க் கேட்க வேண்டுமாம். நல்லா இருக்கே நியாயம்! ஆட்டோக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஆனால் குரு சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அறை வாசலில் போய் நின்றாள். எதிரில் போய் நிற்பது இந்தத் தடவை அவள் முறை.

"குழலி, இந்த மேசையை எங்க போட்டா ஆடாது?"

கார்குழலி நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளும் சாப்பிட்டியா, படிச்சியா, குளிச்சியா என்றுதான் கேட்டிருக்கிறாள் சித்தி. தனக்கு விடை தெரியாத ஒன்றை அவள் கேட்டது இதுதான் முதல் தடவை.

எழுந்து வந்தாள். மேசை மேல் கை வைத்தாள். விளிம்பைத் தடவிக்கொண்டே போனவள் விரலை அடிப்பக்கம் கொடுத்தாள். கை அப்படியே நின்றது.

சட்டென்று மேசைக்கு அடியில் நுழைந்துவிட்டாள். வெளியே வரவில்லை.

"என்னம்மா? பல்லியா?"

பூங்கோதை முட்டியைப் பிடித்துக்கொண்டு மெள்ளக் குனிந்தாள்.

மேலேதான் மெருகு. அடிப்பக்கம் பழைய மரம் அப்படியே இருந்தது. விளிம்பில் மைக்கா ஒட்டிய பசையின் தடம். அதற்குப் பக்கத்தில் ஒரு வரிசையாகப் பதினொரு ஒட்டுப்பொட்டு. சின்னச் சின்னதாய், அரக்கு நிறத்தில்.

"அட கடவுளே!" என்று பூங்கோதை தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தான் வண்டி ஏற்றி அனுப்பிய அதே மேசை என்று புரிந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் ஞாபகம் வந்தது. நகம் ஞாபகம் வந்தது. வாசலில் நின்ற பள்ளிக்கூடப் பை ஞாபகம் வந்தது.

"அன்னிக்குக் கண்ணாடியில இருந்ததை எல்லாம் நான்..."

"பார்த்தேன்."

"எனக்குத் தோணவே இல்லைடி. அழுக்குன்னு நெனச்சுட்டேன். சத்தியமா."

கார்குழலி வரிசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வேலை முடிச்சு முகம் கழுவப் போறப்ப எடுத்து இங்க ஒட்டிடுவாங்க. கண்ணாடி வரைக்கும் போகச் சோம்பல் அம்மாவுக்கு."

"எனக்கும்தான்" என்றாள் பூங்கோதை. அழுதுகொண்டேதான் சொன்னாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கார்குழலி வெளியே வந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள்.

"பின்வாசல் பக்கம். தண்ணி ஓடுற வாட்டம் இருக்குல்ல, அங்க."

வீடு கழுவிவிட்டால் தண்ணீர் சாக்கடைக்கு ஓடுவதற்காகத் தரையைச் சரித்துப் போட்ட இடம் அது. கல்யாணமாகி வந்தபோது பழைய மேசை அங்கேதான் கிடந்தது என்பதே பூங்கோதைக்கு மறந்துபோயிருந்தது. அங்கே போய் யாராவது சாப்பாட்டு மேசை போடுவார்களா என்று பூங்கோதை அந்தப் பக்கமே போகவில்லை.

இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு போனார்கள். வைத்தார்கள்.

பூங்கோதை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை.

மறுநாள் காலை கார்குழலி இட்லித் தட்டை வாங்கினாள். அறைப் பக்கம் திரும்பினாள். கொஞ்சம் நின்றாள். பின்வாசல் பக்கம் நடந்து மேசையில் போய் உட்கார்ந்தாள். மூன்று இட்லி சாப்பிட்டாள்.

சனிக்கிழமை பூங்கோதை கிடங்குக்குப் போனது சண்டை போடத்தான்.

"தெரிஞ்சுதானே குடுத்தீங்க?"

"என்ன தெரிஞ்சு?"

"அடியில இருந்தது."

சிக்கந்தர் உப்புத்தாளை ஊதினான். "மேல இருந்த மைக்காவைப் பிச்சேன். மெருகு போட்டேன். அடியில நான் கை வைக்கல அக்கா."

"ஒன்றரை வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

வாய்க்கு வந்ததைத் திட்டிவிட்டு, அவன் வாங்கித் தந்த டீயைக் குடித்துவிட்டு வந்தாள். இந்தத் தடவை எந்தச் சாமானும் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள். அவளுடைய பொட்டு பெரியது, பச்சை நிறம். வெளியே கிளம்பும் அவசரத்தில் புதுசு ஒட்டிக்கொண்டு, காலையில் வைத்திருந்ததைக் குளியலறைக் கண்ணாடியில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். இப்போது கண்ணாடியில் அதைக் காணவில்லை. வாளியில் பார்த்தாள். தரையில் பார்த்தாள்.

"என் பொட்டு எங்க போச்சு? இங்கதானே ஒட்டினேன்!" என்று ஈரமுகத்தோடு பின்வாசல் பக்கம் வந்தாள்.

கார்குழலி மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"மேசைக்கு அடியில இருக்கு, சித்தி."