செம்பாயி மீறிய பத்தியம்

ஜமீன் வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றுப்புண். ஊரே கைகட்டி நிற்கும் வைத்தியர் ஆபத்சகாயம் ஒரு மாதம் சூரணம் கொடுத்தும் பிள்ளை துரும்பாக இளைத்தது. கடைசி எட்டு நாளில்தான் எழுந்து உட்கார்ந்தது. உடனே சன்மானம் வாங்க வந்துவிட்டார் வைத்தியர். வந்தவர் கொல்லைக் குப்பையில் அகத்திக்கீரைக் காம்பைப் பார்த்துக் குதித்தார்.

"அகத்தி மருந்தை முறிக்கும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! எவ கொடுத்தா?"

"நான்தான் சாமி" என்றாள் அடுப்படி வேலைக்காரி செம்பாயி. "எட்டு நாளா ரசம் வச்சுக் கொடுக்கிறேன்."

"என் மருந்து அத்தனையும் பாழ்!"

ஜமீன்தார் சாட்டையை எடுத்தார். செம்பாயி அசையவில்லை.

"எசமான், அகத்தி சூட்டைத் தணிக்கும், புண்ணை ஆத்தும். மருந்து முறிஞ்சுதுன்னு அவரே சொல்றாரு. முறிஞ்ச பிறகுதானே பிள்ளை எழுந்து உட்கார்ந்துச்சு?"

ஜமீன்தார் சாட்டையைக் கீழே போட்டார்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

செம்பாயி குப்பையில் கிடந்த அகத்திக் காம்பைப் பார்த்தாள்.

"போன ஐப்பசியில செத்துப்போனாளே என் மக, அவளுக்கும் இதே சூரணம்தான் எசமான். வாசல்லயே அகத்தி நின்னுச்சு. நான் ஒருநாள்கூடப் பத்தியம் தவறல."