பனி மாளிகைக்குக் கணப்பு

வெகுகாலத்துக்கு முன்னால் ருஷ்ய தேசத்தை ஒரு மகாராணி ஆண்டு வந்தாள். பெயர் நமக்கு வேண்டாம். குளிர்காலம் வந்தால் அவளுக்குப் பொழுது போகாது. அவளுக்குப் பொழுது போகாவிட்டால் லுக்யானுக்குத் தூக்கம் போய்விடும்.

லுக்யான் அரண்மனைக் குதிரை லாயத்தில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தவன். வாய்த்துடுக்கால் மகாராணியைச் சிரிக்கவைத்து, மெல்ல மெல்ல ஏறி, இப்போது பேரரசுக்கே முதலமைச்சன். பார்க்கிறவர்களுக்கு அது பெரிய யோகம். அவனுக்கோ போதும் போதும் என்றாகிவிட்டது. போன வாரம்தான் நிலாவைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கச் சொன்னாள். அவள் நாற்காலியை நகர்த்தி வைத்து ஒருவழியாகச் சமாளித்தான்.

இந்த வாரம் பனி மாளிகை. உறைந்த ஆற்றின்மேல் சுவர், தூண், சிம்மாசனம் எல்லாமே பனிக்கட்டியில் கட்டியாயிற்று. உள்ளே போன மகாராணி குளிரில் பல் கிட்டி வெளியே ஓடிவந்தாள்.

ஒரு லாயக்காரனுக்குத் தலைவணங்க வேண்டியிருக்கிறதே என்று வயிறெரிந்துகொண்டிருந்த வார்லாம் பிரபு இதுதான் சமயம் என்று முன்னால் வந்தார்.

“மகாராணி, லுக்யானால் ஆகாதது உண்டா? நெருப்பில்லாமல் இதைச் சூடாக்கச் சொல்லுங்கள். நெருப்பு மூட்டினால் மாளிகை உருகிவிடும் அல்லவா?”

மகாராணி கைதட்டினாள். “நல்ல யோசனை! லுக்யான், நாளை நண்பகலில் ஒரு மணி நேரம் உள்ளே உட்காரப்போகிறேன். கம்பளியும் போர்த்தமாட்டேன், என் புதுப் பட்டாடையை எல்லோரும் பார்க்க வேண்டும். எனக்குக் குளிர்ந்தால் நீ சைபீரியாவுக்குப் போ.”

லுக்யான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. தன்னை நாடுகடத்துகிற விஷயம், இவளுக்கு விளையாட்டு!

மறுநாள் அரண்மனைப் பிரபுக்கள் இருநூறு பேரையும் பனி மாளிகை வாசலில் கூட்டினான்.

“பிரபுக்களே, புத்தாண்டுதோறும் மகாராணியின் கையில் முத்தமிட்டு, ‘எங்கள் உடலும் உயிரும் தங்களுக்கே’ என்று சத்தியம் செய்கிறீர்கள். இன்றைக்கு உயிர் வேண்டாம். உடல் மட்டும் போதும். உள்ளே வாருங்கள்.”

வைக்கோல் பற்றிக்கொள்ளும் என்று லாயத்தில் கணப்பு மூட்டுவதில்லை. கடுங்குளிரில் குதிரைகளை விலாவோடு விலா நெருக்கி நிறுத்துவார்கள். அவற்றின் மூச்சே போதும். அப்படித்தான் சிம்மாசனத்தைச் சுற்றிப் பிரபுக்களை நிறுத்தத் தொடங்கினான். ஆனால் பிரபுக்களுக்குள் தகுதி வரிசை உண்டு; அரண்மனை வழக்கப்படி ஒரு தகுதிக்காரர் இன்னொரு தகுதிக்காரரிடமிருந்து மூன்றடி தள்ளித்தான் நிற்க வேண்டும்.

“மூன்றாம் தகுதிப் பிரபு நான், ஐந்தாம் தகுதிக்காரனை உரசிக்கொண்டு நிற்பதா?” என்று எகிறினார் வார்லாம்.

“குதிரைகள் ஒருநாளும் என்னிடம் இந்தக் கேள்வி கேட்டதில்லை, பிரபு. ஒட்டி நில்லுங்கள்!”

மகாராணியின் முன்னால் செய்த சத்தியம். மறுக்க யாருக்குத் துணிச்சல் உண்டு? ஒட்டி நின்றார்கள். நண்பகலில் மகாராணி வந்து நடுவே சிம்மாசனத்தில் அமர்ந்தாள். அரை மணி நேரத்தில் வார்லாமுக்கு வியர்த்துக் கொட்டியது. சுவரில் இரண்டு சொட்டு வழிந்ததோடு சரி. மகாராணி விசிறி கேட்டாள்.

“புழுங்குகிறது லுக்யான்! என்ன பரிசு வேண்டும், கேள்.”

“என் பதவியை வார்லாம் பிரபுவுக்குக் கொடுத்துவிடுங்கள், மகாராணி. நான் லாயத்துக்கே போகிறேன்” என்றான் லுக்யான். மனதாரத்தான் சொன்னான்.

வார்லாம் மகிழ்ச்சி தாங்காமல் மண்டியிட்டார்.

“ஆகட்டும்” என்றாள் மகாராணி. “வார்லாம், இந்த மாளிகை எனக்குப் பிடித்துவிட்டது. கோடையில் என் பிறந்தநாள் விருந்து இங்கேதான். அதுவரை உருகாமல் பார்த்துக்கொள். உருகினால் சைபீரியா.”

மண்டியிட்டவர் எழுந்திருக்கவில்லை. அப்படியே நகர்ந்துபோய் லுக்யானின் காலைக் கட்டிக்கொண்டார். “ஐயா, உங்கள் பதவி உங்களுக்குத்தான் பொருத்தம்! என்னை விட்டுவிடுங்கள்!”

மகாராணி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். லுக்யானுக்கு ஆற்றங்கரையில் ஓர் அரண்மனையும் நூறு குதிரைகளும் பரிசாகக் கொடுத்தாள்.

“அப்படியானால் முதலமைச்சன் நீயேதான். கோடை விருந்தும் உன் பொறுப்பு, லுக்யான்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவனுடைய அதிர்ஷ்டத்தைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. லுக்யான் பனிச்சுவரைப் பார்த்தபடி, கோடைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.