நாற்பத்தொன்றாம் பக்கத்து வீடு

"மேடம், உங்க புத்தகத்தை வரிக்கு வரி பார்த்துத்தான் வீட்டைக் கட்டினேன். வீட்டுக்காரி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா."

சொன்னவர் ஆசீர்வாதம், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். வயது அறுபத்திரண்டு.

கேட்டுக்கொண்டிருந்தவர் தெய்வானை. அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவர். வீடுகளைப் பற்றி அழகான படங்களோடு ஒரு புத்தகம் போட்டவர். பாளையங்கோட்டையில் சனிக்கிழமைதோறும், வீடு கட்டப் போகிறவர்களுக்கு வகுப்பு எடுத்தார்.

அந்த வகுப்பில் ஆசீர்வாதம் இரண்டு வருஷம் முதல் பெஞ்சு. முப்பது வருஷம் பிள்ளைகளிடம் எதிர்பார்த்துக் கிடைக்காத பணிவையெல்லாம் மனுஷன் தெய்வானையிடம் காட்டினார், பாவம்.

"அக்கா எங்கே போயிருக்காங்க?"

"நாசரேத்துல தங்கச்சி வீட்டுக்கு. இன்னையோட பன்னிரண்டு நாள் ஆச்சு. போன் பண்ணா எடுக்கிறா. சாப்பிட்டீங்களான்னு கேக்கிறா. வச்சிடுறா."

"வீட்டுல என்ன குறைன்னு சொன்னாங்க?"

"ஒரு குறையும் சொல்லலை மேடம். அதான் பயமா இருக்கு. முப்பத்தாறு வருஷத்துல ஞானப்பூ குறை சொல்லாத நாளே கிடையாது."

தெய்வானை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க சார், போய்ப் பார்ப்போம்."

*

ஆசீர்வாதத்தின் புது வீட்டு வாசலில் தெய்வானை செருப்பைக் கழற்றப் போனார்.

"மேடம், செருப்பை வண்டியிலேயே விட்டுடுங்களேன்."

"ஏன் சார்?"

"படத்துல வாசல்ல செருப்பு இல்லை."

தெய்வானை செருப்பை வண்டியில் விட்டுவிட்டு வெறுங்காலோடு தெருவைக் கடந்து வந்தார். வெயிலுக்கு மண் சுட்டது.

ஹாலுக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளைச் சுவர். நீளமாக ஒரு மரப் பெஞ்சு. மூலையில் ஒரு மண் ஜாடி, அதில் ஒற்றைக் காய்ந்த கிளை. கிழக்கு ஜன்னல் வழியே தரையில் வெளிச்சம் விழுந்தது. அச்சு அசல் அவருடைய புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கம்.

"அந்தக் கிளைக்கு மூணு நாள் அலைஞ்சேன் மேடம். படத்துல இடது பக்கம் வளையும். இங்க கிடைக்கிறதெல்லாம் வலது பக்கம் வளையுது."

"உக்காரலாமா?"

"ஓரத்துல உக்காருங்க. நடுவுல உக்கார்ந்தா பெஞ்சு ஆடும்."

தெய்வானை தரையில் உட்கார்ந்தார்.

"துணி எங்கே காயப் போடுவீங்க?"

"படத்துல கொடி இல்லையே."

"டிவி?"

"இல்லை மேடம்."

"ஒரு காலண்டர்கூடவா இல்லை?"

ஆசீர்வாதத்தின் முகம் தொங்கிப் போயிற்று.

"என்ன மேடம் இப்படிக் கேக்கிறீங்க? புத்தகம் போட்டது நீங்கதானே?"

சுருக்கென்று தைத்தது தெய்வானைக்கு. பெஞ்சின் மேலிருந்த புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து ஆசீர்வாதத்தின் கையில் கொடுத்தார்.

"இந்த வீட்டுல எத்தனை பேர் இருக்காங்க, சொல்லுங்க பார்ப்போம்."

"யாரும் இல்லையே மேடம்."

"ஒன்பது பேர்."

ஆசீர்வாதம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தார்.

"போட்டோ எடுக்கணும்னு நான்தான் வெளியே போகச் சொன்னேன். கட்டில், பாய், சைக்கிள், இட்லிப் பானை, பிள்ளைங்க புத்தகப் பை, எல்லாத்தையும் தூக்கிட்டு வேப்ப மரத்தடிக்குப் போனாங்க. கைக்குழந்தையோட ஒரு பொண்ணு வேற. நாலு மணி நேரம் சார்! ஒருத்தரும் முகம் சுளிக்கலை."

"அப்புறம்?"

"அந்த வீட்டம்மா ஒரு தடவை ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தாங்க. 'நல்லாருக்கும்மா, யார் வீடு இது'ன்னு கேட்டாங்க. பாராட்டுறாங்கன்னு நினைச்சு நானும் சிரிச்சேன். சாயங்காலம் ஒன்பது பேரும் சேர்ந்து அவ்வளவு சாமானையும் திரும்ப உள்ளே கொண்டுபோய் வச்சாங்க. அதை நான் படம் எடுக்கலை."



ஆசீர்வாதம் புத்தகத்தை மூடிப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தார்.

"பால் காய்ச்சின அன்னைக்கு ஞானப்பூவும் கேட்டா மேடம். ரொம்ப அழகாயிருக்கு, யாரு இருக்கப் போறான்னு கேட்டா. நான் எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்."

"இங்கேருந்து நீங்க எதை வெளியே எடுத்தீங்க?"

"நான் எதையும் எடுக்கலையே." அப்புறம் குரல் இறங்கியது. "தையல் மெஷினை மட்டும்."

"எங்கே இருக்கு?"

"மாடி ஸ்டோர் ரூம்ல. இருபத்தெட்டு வருஷம் பழைய வீட்டு ஜன்னலோரமா வச்சுத் தச்சா. எங்க தெருப் பொம்பளைங்களுக்கெல்லாம் அவ தச்ச ஜாக்கெட்தான். ஹால்ல வச்சா எடுபடாதுன்னு நான்தான்…"

தெய்வானை அதற்குள் பாதி மாடிப்படி ஏறியிருந்தார்.

*

பழைய போர்வையை விலக்கினார்கள். கால்மெஷின், இரும்புக் கால். கனமென்றால் கனம், அப்படியொரு கனம்.

"ஒரு பக்கம் பிடிங்க சார்."

"மேடம், நீங்க போயி…"

"பிடிங்கன்னா பிடிங்க."

படிக்குப் படி நிறுத்தி, மூச்சு வாங்கி, சுவரில் இரண்டு இடத்தில் நன்றாகக் கீறி, ஒருவழியாக இறக்கினார்கள். வெள்ளைச் சுவரில் விழுந்த கீறலைப் பார்த்து ஆசீர்வாதம் ஐயோ என்றார். தெய்வானை திரும்பியே பார்க்கவில்லை. மண் ஜாடியைக் கிளையோடு தூக்கி வெளியே வைத்தார். இருவருமாக மெஷினைக் கிழக்கு ஜன்னல் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

"அக்காவுக்குப் போன் போடுங்க."

ஆசீர்வாதம் போட்டார். அந்தப் பக்கம் ஞானப்பூ எடுத்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

மனுஷனுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய். என்ன சொல்வது என்று தெரியாமல் தெய்வானையைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

தெய்வானை சமையலறை ஸ்டூலை இழுத்துப் போட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தார். வாழ்நாளில் ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை அவர். இரண்டு காலையும் மிதிபலகையில் வைத்து, தோன்றினபடி மிதித்தார்.

கடகடவென்று வீடு முழுக்கச் சத்தம்.



"யாருங்க அது?" என்றாள் ஞானப்பூ. "சத்தம் எதிரொலிக்குதே. மெஷின் ஹால்லயா இருக்கு?"

"ஆமா."

"ஐயையோ, சத்தத்துலயே தெரியுது, சக்கரம் பின்னால சுத்துது! காலை எடுக்கச் சொல்லுங்க! நான் வர்ற வரைக்கும் எவளும் அதைத் தொடக் கூடாது!"