மூச்சு விட்ட கட்டைக் கேக்

ஒரு காட்டில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் முயல் ஒன்று இருந்தது. சருகு அசைந்தாலும் அதற்குத் தூக்கிவாரிப் போடும்.

"இப்படியே இருந்தால் நீ பயத்திலேயே செத்துப்போவாய், தம்பி. எங்கேயாவது போய் நாலு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வருவோம், வா" என்றது பக்கத்துப் புதரில் இருந்த ஆடு. அது சொன்னதில் பாதிதான் அக்கறை, மீதி நாக்கு. தென்னந்தீவில் விடுதி நடத்தும் பிரெஞ்சு வாத்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் செய்கிற கேக்குகளைப் பற்றி அது நிறையக் கேள்விப்பட்டிருந்தது.

இரண்டும் தோணியேறித் தீவுக்குப் போயின. பிரெஞ்சு தேசத்திலிருந்து கப்பலில் வந்த அந்த வாத்தைத் தீவில் எல்லோரும் 'மதாம்' என்றே அழைத்தார்கள். மதாம் நன்றாகத்தான் கவனித்தது. காலையில் பாதாம் அரைத்து வைத்த வட்டக் கேக், மாலையில் அன்னாசி வைத்த மெத்துமெத்துக் கேக். ஆடு தட்டை நக்கியது. பிறகு முயலின் தட்டையும் நக்கியது.

முயலுக்கும் இனிப்பு பிடிக்கும். ஆனால் ஒரு வாய் தின்பதற்குள் நாலு தடவை திரும்பிப் பார்க்கும்.

"உல்லாசமாக இருக்க வந்த இடத்திலும் காவல் காக்கிறாயே! உனக்கு யார் சம்பளம் தருகிறார்கள்?" என்று ஆடு கேலி செய்தது.

பண்டிகைக்கு முந்தின நாள் மதாம் ஒரு பெரிய வேலையைத் தொடங்கியது. ரொட்டியைத் தகடாகச் சுட்டு, உள்ளே பாலாடை தடவிப் பாய்போல் சுருட்டி, மேலே சாக்லேட் பூசி, முள்கரண்டியால் கீறிவிட்டது. பார்த்தால் அசல் மரக்கட்டை!

"எங்கள் ஊரில் பண்டிகைக்குக் குளிரோ குளிர். அடுப்பில் பெரிய கட்டையை எரிப்போம். அதன் ஞாபகமாகத்தான் இந்தக் கட்டைக் கேக்" என்றது மதாம். "ஒன்று மட்டும் முக்கியம். கொதிநீரில் முக்கிய கத்தியால் முதலில் நுனியை வெட்டி, அந்தத் துண்டைக் கட்டையின் முதுகில் கிளைபோல் வைக்க வேண்டும். பந்தியில் எல்லோர் முன்னாலும் நானே வெட்டுவேன். அதைச் செய்யாத வரை அது கேக்கே இல்லை."

அந்த வெயிலில் சாக்லேட் உருகாதா? அதனால் கேக்கை ஓடைக்கரைப் பாறையின் குளிர்ந்த நிழலில், வாழை இலை மேல் வைத்தார்கள். மிஞ்சிய சாக்லேட் அண்டாவையும் சர்க்கரைத் தூள் தட்டையும் பக்கத்திலேயே விட்டுப் போனார்கள்.

ஓடைக்குள் ஒரு முதலை இருந்தது. வேடம் போடுவதில் பெரிய சூரன். தண்ணீரில் கட்டைபோல் மிதந்தே எத்தனையோ பேரை ஏமாற்றியிருந்தது. கரையில் அவர்கள் பந்தியைப் பற்றிப் பேசியதைக் கேட்டு, 'ஒரு கட்டையைச் சுற்றி வாயைப் பிளந்துகொண்டு எல்லோரும் நிற்கப்போகிறார்களா? ஆகா!' என்று நினைத்தது. கரையேறியது, கேக்கை ஒரே வாயில் விழுங்கியது, அண்டாவில் மிஞ்சியிருந்த சாக்லேட்டில் புரண்டு, சர்க்கரைத் தூளில் உருண்டு, வாழை இலை மேல் அசையாமல் படுத்துக்கொண்டது.

மறுநாள் பந்தி நேரம். மூவரும் பாறைக்கு வந்தார்கள்.

"மதாம், கேக் வளர்ந்திருக்கிறதே!" என்று ஆடு துள்ளியது.

"என் கைப்பக்குவம் அப்படி!" என்று மதாம் கழுத்தை நிமிர்த்தியது. தன் வேலையைப் பார்க்கும்போது மதாமுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

முயலுக்குப் பட்டது. கேக்கின் மேல் தூவியிருந்த சர்க்கரை மெல்ல எழுந்தது, மெல்லத் தாழ்ந்தது. மறுபடி எழுந்தது.

கேக் மூச்சு விடுகிறது!

இது கேக் இல்லை, முதலை என்று முயலுக்குப் புரிந்துவிட்டது. மதாமின் கழுத்து அந்தப் பெரிய வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஆட்டின் நாக்கு அதைவிடப் பக்கம். இப்போது 'முதலை!' என்று கத்தினால், இவர்கள் திரும்புவதற்குள் வாய் மூடிவிடும்.

முயல் சிரித்த முகமாகச் சொன்னது: "ஆட்டண்ணே, நாக்கை உள்ளே போடுங்கள்! நுனியை வெட்டாமல் நக்கினால் மதாமுக்கு அவமானம் இல்லையா?"

"அடடே, சரியாகச் சொன்னாய் தம்பி!" என்று மதாம் பின்னால் நகர்ந்தது. "அடுப்பில் வெந்நீர் கொதிக்கிறது. கத்தியை முக்கி எடுத்து வருகிறேன்."

"அண்ணே, நீங்களும் போய்க் கத்தியைப் பிடித்துக் கொடுங்கள்!"

இரண்டும் விலகியதும் முயலுக்குப் பாதி உயிர் திரும்பியது. கட்டையின் வால் பக்கமாகத் தள்ளி நின்று, சத்தமாகவே கேட்டது: "மதாம், எந்த நுனியை வெட்டுவீர்கள்? இங்கே மெலிசாக ஒரு நுனி இருக்கிறதே, இதுவா?"

"அதேதான்!" என்றபடி மதாம் ஆவி பறக்கும் கத்தியோடு வந்தது. "ஒரே வெட்டு. சதக்!"

மெலிசான நுனி மெல்ல மெல்ல உள்ளே சுருண்டது.

"இதென்ன, நுனியைக் காணோம்?" என்று மதாம் விழித்தது.

"போனால் போகட்டும், மதாம்" என்றது முயல். "அந்தப் பக்கம் தடித்த நுனி ஒன்று இருக்கிறது. கழுத்தோடு வெட்டிவிடலாம்!"

அவ்வளவுதான். கேக்குக்கு நாலு கால் முளைத்தது. "ஐயோ, நான் கேக் இல்லை!" என்று அலறிக்கொண்டு முதலை ஓடையில் தொப்பென்று விழுந்தது. முதுகில் ஒட்டியிருந்த இனிப்புக்காக மீன்கள் எல்லாம் மொய்த்துக் கடிக்க, கடல்வரை ஓடியது.

மதாம் கத்தியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"இனி நீ காவல் காக்கிறாய் என்று நான் கேலி செய்யவே மாட்டேன், தம்பி" என்றது ஆடு.

பொழுது சாய்வதற்குள் மதாம் இன்னொரு கட்டைக் கேக்கைச் செய்தது. சின்னதுதான். முதல் துண்டை முயலிடம் நீட்டியது. முயல் அதை ஈர்க்குச்சியால் ஒரு குத்துக் குத்திப் பார்த்தது. கேக் சும்மா இருந்தது. பிறகு ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் முழுவதையும் தின்று முடித்து, தென்னை நிழலில் சாய்ந்து, வாழ்நாளில் முதல் தடவையாக இரண்டு கண்களையும் மூடித் தூங்கியது.

நீதி: வேடம் போட்டவன், அந்த வேடத்துக்கு உரிய வெட்டையும் வாங்கியாக வேண்டும்.