‘நீலவேணி’ படகுக்கு ஒயர் இழுத்தவர்கள்

தூத்துக்குடியில் விவரமான ஆட்களுக்குப் பஞ்சம் ஒன்றும் இல்லை. ஆனால் உப்பள முதலாளி ஞானசிகாமணிக்கு விவரமான ஆட்கள் என்றாலே ஆகாது. அவர்கள் கேள்வி கேட்பார்கள். சொகுசுப் படகு ஒன்று வாங்கி, ‘நீலவேணி’ என்று பேர் வைத்து, அறைக்கு அறை டிவியும் நெட்டும் வேண்டும் என்று அவர் ஆள் தேடியபோது, வந்தவர்கள் எல்லாரும் ஏன், எப்படி, எங்கே என்று குடைந்தார்கள். ஒரே ஒருவர்தான் எதைச் சொன்னாலும் தலையாட்டினார். அவர் பேர் தங்கப்பழம். முதலாளிக்கு அந்தத் தலையாட்டல் ரொம்பப் பிடித்துவிட்டது.

தங்கப்பழம் கேபிள் டிவி லைன் இழுக்கிறவர். அவர் லைன் இழுத்த தெருவில் மழை பெய்தால் படம் வராது, மழை பெய்யாவிட்டால் சத்தம் வராது. இருந்தாலும் சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருப்பார். அந்த ஒரே காரணத்தால் தன்னை இன்ஜினியர் என்று நம்பிக்கொண்டிருந்தார். அவரிடம் எசக்கி, கொம்பையா என்று இரண்டு ஆட்கள். அவர் சொன்னதை அவர்கள் அப்படியே செய்வார்கள். வினையே அதுதான்.

முதலாளி மகளுக்கு வெள்ளிக்கிழமை அந்தப் படகிலேயே நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு நார்வே பக்கம் கப்பலில் வேலை, லீவு கிடைக்கவில்லை. டிவியில்தான் முகம் காட்டப் போகிறார். மாப்பிள்ளையின் அப்பா நாகர்கோவில் டாக்டர் தேவசகாயம் சிரித்து யாரும் பார்த்ததில்லை. “பையன் முகம் தெரியணும். தெரியலைன்னா இன்னொரு நாள் வச்சுக்கிடுவோம்” என்று சொல்லிவிட்டார். டாக்டர் வாயில் இன்னொரு நாள் என்றால் இன்னொரு பெண் என்று அர்த்தம்.

இவர்களை வைத்து வேலை வாங்கும் பொறுப்பு படகு கேப்டன் மிராந்தா தலையில் விழுந்தது. பழுதுபார்க்கும் துறையில் கரையேற்றி நிறுத்தியிருந்த படகில் வேலை தொடங்கியது.

“ஒயரை ஒரேயடியா இழுத்தா உள்ள அறுந்துரும். விட்டு விட்டுப் பிடிங்க” என்றார் கேப்டன்.

தங்கப்பழம் தலையாட்டினார். மேல்தளத்தில் நின்ற எசக்கி ஒயரை விட்டான். அது சரசரவென்று குழாய்க்குள் இறங்கி அடித்தளத்தில் போய் விழுந்தது. எசக்கி படியிறங்கி ஓடிப் பிடித்தான். மறுபடி மேலே கொண்டுவந்து விட்டான். மறுபடி ஓடிப் பிடித்தான். சாயங்காலம் கேப்டன் வந்து பார்த்தபோது ஒரு முழ ஒயர்கூடப் போய்ச் சேரவில்லை. எசக்கிக்குத்தான் நாக்கு தள்ளியிருந்தது.

“விடுறது லேசா இருக்கு சார். பிடிக்கிறதுதான் கஷ்டம்” என்றார் தங்கப்பழம், தானே ஓடிக் களைத்தவர் போல முகத்தைத் துடைத்துக்கொண்டு.

கேப்டன் கூடவே நின்று ஒருவழியாக ஒயர் எல்லாவற்றையும் இழுக்க வைத்தார். “இனி ஒவ்வொன்னுக்கும் பேர் எழுதி ஒட்டுங்க. இல்லாட்டி எது எதுன்னு தெரியாது” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அந்தச் சாப்பாடு அவருக்குச் செரிக்கவில்லை.

மூவரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். “நல்ல பேரா வைக்கணும்லே. நாளைக்கு நம்மளைக் குறை சொல்லக் கூடாது” என்றார் தங்கப்பழம்.

“மொத ஒயருக்குப் பிள்ளையார் பேரை வைப்போமா அண்ணாச்சி?” என்றான் எசக்கி.

“வைக்கலாம். ஆனா அது கக்கூஸ் வழியால்லா போகுது.”

எசக்கி அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு கொம்பையா, “அப்ப அதுக்கு எங்க மாமியார் பேரை வைங்க. செல்லத்தாய்” என்றான். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

இப்படி உறவுக்காரர்கள் எல்லாரும் ஒயரானார்கள். எசக்கியின் அண்ணனும் கொம்பையாவின் அண்ணனும் ஊரில் பேசிக்கொள்வதில்லை. ஆகவே அவர்கள் பேர் கொண்ட ஒயர்களை ஒரே குழாயில் விடுவது முறையில்லை என்று முடிவாகி, தேக்குச் சுவரில் புதிதாக ஓர் ஓட்டை போட்டார்கள்.

கேப்டன் திரும்பி வந்து, “பெரிய ஹாலுக்குப் போற ஒயர் எது?” என்று கேட்டார்.

“பூரணம் சார். எசக்கியோட சின்னம்மா. தங்கமான பொம்பளை” என்றார் தங்கப்பழம்.

கேப்டன் ஓட்டையைப் பார்த்தார். தங்கப்பழத்தைப் பார்த்தார். அப்படியே கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து முதலாளியே வந்தார். “ஒயர் ஒன்னுகூட வெளியே தெரியக் கூடாது” என்று உத்தரவு போட்டார். டிவியில் செருகுவதற்காக ஒவ்வொரு சுவரிலும் ஒரு சாண் ஒயர் நீட்டிக்கொண்டிருந்தது. அது வெளியே தெரியத்தானே செய்தது? மூவரும் அதைச் சுவரோடு சுவராக நறுக்கி, மேலே பட்டி பார்த்து, பெயின்டும் அடித்தார்கள். முதலாளி தடவிப் பார்த்துச் சொக்கிப் போனார். “வேலைன்னா இது வேலை, பாத்தீரா கேப்டன்” என்றார். அவர் கிளம்பியபின் கேப்டன் சுவர் சுவராகத் தட்டி ஒயரைத் தோண்டி எடுத்தார். தங்கப்பழம் பக்கத்தில் நின்று, பெயின்ட் வீணாகிறதே என்று மனதார வருத்தப்பட்டார்.

வியாழக்கிழமை படகைக் கடலில் இறக்கும்போது மூன்று பேரும் அதன் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள்.

“என்ன வே இது?” என்றார் கேப்டன்.

“ஒயர் வந்து சேருற பெட்டியில தண்ணி படக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. பெட்டி படகுக்குள்ள இருக்கு. படகு தண்ணிக்குள்ள போகுது. யோசிச்சுப் பாருங்க சார்” என்றார் தங்கப்பழம். படித்த மனிதருக்கு இது தெரியவில்லையே என்று அவருக்கு உள்ளூர ஏளனம்.

கேப்டன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில், மூவரும் பெட்டிக்குப் பக்கத்திலேயே குடை பிடித்து உட்காருவது என்று சமாதானம் ஆயிற்று. பெட்டி இருந்தது இன்ஜின் ரூமில். அப்படித்தான் நிச்சயதார்த்தத்தன்றும் அவர்கள் படகில் இருக்க நேர்ந்தது.

வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் ஏறியதும் படகு துறையை விட்டு நகர்ந்தது. கேப்டன் சுக்கானை விட்டு அசைய முடியாது. போனில் தங்கப்பழத்தைக் கூப்பிட்டார். “ஹால் டிவியில ஒன்னும் வரலை. எல்லா ஒயரும் சேத்தாச்சா?”

“இன்னும் சேக்கலை சார்.”

“சேத்துத் தொலைங்க.”

தங்கப்பழம் பூரணம், செல்லத்தாய், பகையாளி அண்ணன்மார் இருவர் என எல்லா ஒயரின் முனையையும் சீவி, ஒன்றாக முறுக்கி, ஒரே முடிச்சாகப் போட்டார். இதில் செல்லத்தாய், இன்ஜினைக் கவனிப்பதற்காக அந்த அறையில் மாட்டியிருந்த கேமராவிலிருந்து கேப்டன் ரூமுக்குப் போகும் ஒயர். படத்தோடு பேச்சையும் சேர்த்து அனுப்புகிற கேமரா. முடிச்சு விழுந்ததும் படகில் இருந்த அத்தனை டிவியிலும் இன்ஜின் ரூம் தெரிந்தது. பெட்டிக்கு மேலிருந்த சின்னத் திரையிலும் தெரிந்தது.

எசக்கிதான் முதலில் பார்த்தான். “அண்ணாச்சி, இங்க மூணு பேர் குடை பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க.”

தங்கப்பழத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. இத்தனை நாள் பாடுபட்டும் முதலாளி தன்னை நம்பாமல் வேறு ஆட்களை வைத்திருக்கிறார். அவர் விரலை நீட்டினார். திரையில் இருந்தவனும் நீட்டினான்.

“திமிரைப் பாத்தியாலே” என்றார்.

“நம்ம வேலையைப் பாத்து அப்படியே காப்பி அடிக்கிறாங்க” என்றான் கொம்பையா. “அந்தா, டெஸ்டர்கூட வச்சிருக்கான்.”

தங்கப்பழம் திரைக்கு மிக அருகில் போய், டாக்டர் நோயாளியைப் பார்ப்பது போல் வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “கவலைப்படாதீங்க. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. மூணும் வடிகட்டின முட்டாப் பயலுவ” என்றார்.

மேலே ஹாலில், சுவர் நிறைந்த டிவியில் இதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஞானசிகாமணி முகத்தில் ஈயாடவில்லை. அப்போது முன்வரிசையிலிருந்து துருப்பிடித்த கதவு திறப்பது போல ஒரு சத்தம் வந்தது. டாக்டர் தேவசகாயம் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. கேப்டன் தன் செல்போனில் மாப்பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தனுப்பினார். டாக்டர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சரி, மோதிரத்தைப் போடுங்க” என்று மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். “சம்பந்தி, கல்யாணத்துக்கும் இவங்களைத்தான் கூப்பிடணும்” என்றார்.

முதலாளி மூவரையும் மேலே வரவழைத்துச் சேதி சொன்னார்.

தங்கப்பழம் அசையவில்லை. “வாரோம் மொதலாளி. ஆனா கீழ இருக்க அந்த மூணு பேரையும் கூப்பிடக் கூடாது.”

முதலாளி ஹால் டிவியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். “கூப்பிட மாட்டேன்” என்றார்.

படியிறங்கும்போது எசக்கிக்கு மனசு கேட்கவில்லை. “பாவம் அண்ணாச்சி, அவங்களும் பிள்ளைகுட்டிக்காரங்களா இருப்பாங்க. நாமளே பக்குவமாச் சொல்லிருவோம்.”

தங்கப்பழத்துக்கும் அது நியாயமாகப் பட்டது. மூவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எப்படிச் சொல்வது என்ற தயக்கத்தோடு திரை முன்னால் போய் நின்றார்கள். அங்கே அந்த மூன்று பேரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

“நாம சொல்ல வேண்டாம்லே” என்றார் தங்கப்பழம் மெதுவாக. “யாரோ முந்தியே சொல்லிட்டாங்க.”