முடுக்கூர் மன்னரின் டர்போ விருந்து

முடுக்கூர் மன்னர் இடிமுழங்கி வர்மருக்கு யானைப்படை கிடையாது, குதிரைப்படையும் கிடையாது. இரண்டு பந்தயக் கார்கள் உண்டு. பகைவர்களோடு மலைப்பாதையில் பந்தயம் விடுவார். அவ்வளவுதான் போர். இரண்டு காருக்கும் கூரை வைக்கவில்லை. வைத்தால் கிரீடம் இடிக்கும்.

பழைய காரின் எஞ்சின் தானாக மூச்சிழுப்பது. அரண்மனை ஓட்டுநர் வேலாயி மிதித்த கணமே பாயும். புதியது டர்போ. எஞ்சின் விடும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும், அது காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும். பலம் ஏகத்துக்கும் கூடும். என்ன, சக்கரம் வேகம் பிடிக்கும்வரை மிதித்தவர் காத்திருக்க வேண்டும்.

டர்போவைத் தருவித்தவர் தளவாய் பிரமநாயகம். நேர்ச்சாலையில் அது பறந்ததைப் பார்த்து மன்னர் சொக்கிப்போனார். இனி நாட்டில் எல்லாமே டர்போ, பழைய காரை நாளையே உருக்கி அண்டா செய்யுங்கள் என்று ஆணையிட்டார். தளவாய்க்கு வாயெல்லாம் பல்.

வேலாயி அவையிலேயே அழுதாள். "வளைவுல என் காலு சொல்றத அதுதாங்க உடனே கேக்கும். அத உருக்குறதுக்கு என்னைய உருக்கிடுங்க."

மன்னர் காதில் வாங்கவில்லை. அவையின் குறும்புக்காரர் சங்குமணி மட்டும் நேரே சமையலறைக்குப் போனார்.

முடுக்கூரில் ஒரு வழக்கம். சாப்பிடும்போது மன்னர் பேசக்கூடாது. இலையின் இடதோரம் தட்டினால் ரசம், வலதோரம் தட்டினால் பாயசம். கையை விரித்தால் போதும் என்று அர்த்தம்.

மறுநாள் மன்னர் இடதோரம் தட்டினார். ரசம் வரவில்லை. மிருதங்கமே வாசித்தார். பரிமாறுபவர்கள் கைகட்டி நின்றார்கள். தொலையட்டும் என்று வலதோரம் தட்டினார். பாயசமும் வரவில்லை. அப்போது உள்ளே மணி அடித்தது. நான்கு பேர் ரச அண்டாவோடு ஓடி வந்தார்கள். மன்னர் இரண்டு கையையும் விரித்தார். யார் கேட்டார்கள்? இலை, மடி, மீசை எல்லாம் ரசம். நல்லவேளை, ஆறிய ரசம்.

மன்னர் வழக்கத்தை மறந்து கத்தினார். "யார் வேலை இது?"

"தங்கள் ஆணைதான், மன்னா" என்றார் சங்குமணி. "பரிமாறலுக்கும் டர்போ போட்டேன். அடுப்புப் புகையில் விசிறி சுற்றி வேகம் பிடித்தால் மணி அடிக்கும். அப்புறம்தான் ஆட்கள் கிளம்புவார்கள். கிளம்பினால் அண்டாவோடுதான்."

"தட்டினால் வரவில்லை. கை காட்டினால் நிற்கவில்லை. இது என்ன கூத்து?"

"மலை வளைவில் வேலாயிக்கும் இதே கதிதான், மன்னா. அங்கே கீழே இலை இருக்காது. பள்ளம்தான்."

தளவாய் விடவில்லை. எப்படியும் ரசம் அதிகமாகத்தானே கிடைத்தது என்று வாதாடினார். போட்ட ஆணையைத் திரும்பப் பெற மன்னருக்கும் மானம் இடம் தரவில்லை. உருக்குவது உருக்குவதுதான் என்றார்.

சங்குமணி பணிவாகக் கும்பிட்டார். "ஆகட்டும், மன்னா. ஆனால் வலதோரமும் தட்டிவிட்டீர்களே. பாயச விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது."

உள்ளே மணி அடித்தது.

மன்னர் வாசலுக்கு ஓடினார். தளவாயும் ஓடினார். பின்னாலேயே அண்டாவும் ஓடி வந்தது. உலைக்குக் கிளம்பிய பழைய காரில் வேலாயி கண்ணீரோடு உட்கார்ந்திருந்தாள். மன்னர் அதில் தாவி விழுந்தார்.

"மிதி, வேலாயி! இந்தக் கார் இனி உன்னுடையது!"

மிதித்தாள். அந்தக் கணமே பாய்ந்தது. மன்னரின் சிரிப்பு மலையடிவாரம்வரை கேட்டதாம்.

தளவாயும் வாசலில் நின்ற டர்போவில் ஏறி மிதித்தார். அது யோசித்து முடிப்பதற்குள் பாயசம் வந்து சேர்ந்தது.