மஞ்சள் போடாத சாம்பார்

சொர்ணலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் நாச்சியாருக்கு முப்பத்தெட்டு. இருபது வருஷம் கல்லூரியில் வேதியியல் நடத்திவிட்டு, பேரன் எடுக்கிற வயசில் ஆராய்ச்சி பண்ணக் கிளம்பினால் இப்படித்தான். இவர் 'மேடம்' என்பார், அந்த அம்மா 'சார்' என்பார். ஆனால் யாருக்கு யாரிடம் பயம் என்பதில் சந்தேகமே கிடையாது.

அன்றைக்குச் சொர்ணலிங்கம் அல்வாப் பொட்டலத்தோடு ஆய்வுக்கூடத்துக்குள் ஓடி வந்தார்.

"மேடம், ஜெயிச்சாச்சு! நெல்லிக்காய்ச் சத்தும் மஞ்சள் சத்தும் விட்ட தட்டுல, கதிர்வீச்சு பட்டும் செல்லெல்லாம் பிழைச்சுக் கிடக்கு!"

"ரொம்ப சந்தோஷம் சார். பொட்டலத்தைப் பிரிங்க."

அவர் பிரிக்கவில்லை. குரல் இறங்கிவிட்டது.

"ஒண்ணு கேக்கணும் மேடம். எங்க வீட்டுக்காரி ஆவுடைக்கு மார்புல புற்றுநோய்க் கட்டி. அடுத்த மாசம் ரேடியேஷன். கட்டியோட சேர்ந்து நல்ல செல்லும் அடிபடும்னு டாக்டர் சொல்றார். இந்தச் சத்தைக் கெட்டியா வடிச்சு, காப்ஸ்யூல்ல அடைச்சு வச்சிருக்கேன். கொடுத்திரட்டுமா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார்.

நாச்சியார் பாட்டிலை வாங்கித் தன் மேஜையில் வைத்தார். உள்ளே போய், செல் வளர்த்த இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றில் 'அ', இன்னொன்றில் 'ஆ' என்று மட்டும் எழுதியிருந்தது.

"ரெண்டுலயும் உங்க மருந்தை விட்டு, கதிர்வீச்சு குடுங்க. எத்தனை பிழைக்குதுன்னு எண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் பாட்டில் என் மேஜையில இருக்கட்டும்."

பத்து நாள் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. பதினோராம் நாள் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தவர், வராந்தாவில் நின்ற காவலாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். காவலாளி, யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்துக் கையைக் குலுக்கினார்.

"மேடம், அ-வுல நூத்துக்கு எண்பது பிழைச்சிருக்கு. ஆ-வுல எண்பத்தஞ்சு! பாட்டிலைக் குடுங்க."

"அ, நல்ல செல் சார்."

"ஆ?"

"புற்றுநோய்க் கட்டியில எடுத்தது."

சொர்ணலிங்கம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொடுத்திருந்தால் கட்டிக்கும் சேர்த்தல்லவா காவல் போட்டிருப்போம்! பாட்டிலை எடுத்துத் தானே குப்பைக் கூடையில் போட்டார்.

கதிர்வீச்சு தொடங்கி மூன்றாவது வாரம். ஆய்வுக்கூட வாசலில் ஒரு அம்மா தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள். உடம்பு இளைத்திருந்தது, குரல் கொஞ்சமும் இளைக்கவில்லை.

"நீங்கதான் இவுகளுக்கு வாத்தியாரம்மாவா? நான் ஆவுடை. இந்தக் கூத்தைக் கொஞ்சம் பாருங்க."

சட்டியைத் திறந்தாள். உள்ளே சாம்பார். அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில் இருந்தது.

"மஞ்சள் கிடையாது, தக்காளி கிடையாது, கறிவேப்பிலைகூடக் கிடையாது. நான் போட்டு வச்ச நெல்லிக்காய் ஊறுகாயை அலமாரியில பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டாக. வீட்டுச் சாப்பாடு எல்லாம் நல்லாச் சாப்பிடுங்கன்னு டாக்டரே சொல்லிட்டார். இவுக கேக்க மாட்டேங்காக! வாய்க்கு ருசியா ஒரு கவளம் இறங்கி இருபது நாளாச்சு!"

சொர்ணலிங்கம் மெல்ல முனகினார்.

"அதிலெல்லாம் காக்கிற சத்து இருக்கு ஆவுடை. கட்டியைக் காப்பாத்திருமேன்னு…"

நாச்சியார் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அந்த ஒரு பாட்டிலுக்கு எத்தனை கூடை நெல்லிக்காய் வடிச்சீங்க சார்?" என்றபடி தன்னுடைய டிபன் பாக்ஸைத் திறந்தார். தயிர்சாதம், ஓரத்தில் நெல்லிக்காய் ஊறுகாய். அப்படியே ஆவுடையின் முன்னால் நகர்த்தினார்.

ஆவுடை ஒரு துண்டைக் கடித்தாள். புளிப்பில் ஒரு கண் மூடிக்கொண்டது. பிறகு ஒரு வாய் சோறு, இன்னொரு வாய். "அம்மாடி!" என்று நாக்கைச் சப்புக்கொட்டிச் சிரித்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் சொர்ணலிங்கத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஆனாலும் வேதியியல்காரர் அல்லவா. நோட்டைப் பிரித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"எத்தனை மில்லிகிராம் வரைக்கும் கொடுக்கலாம் மேடம்?"

நாச்சியார் இன்னொரு துண்டை எடுத்து ஆவுடையின் பக்கம் வைத்தார்.

"சோத்துக்குத் தொட்டுக்கிற அளவு சார்."